கையில் நாலு புத்தகம், கார்த்திகையில் கல்யாணம்: எடிட்டிங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்ப் புத்தக எடிட்டிங்கில் வருஷம் முழுக்க வேலை ஒரே சீராக வராது. மே, ஜூனில் போன் அவ்வளவாக அடிக்காது. அக்டோபர் பாதியில் அடிக்க ஆரம்பித்தால் டிசம்பர் வரை ஓயாது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போதெல்லாம் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் பாதியிலோ ஆரம்பிக்கிறது. பதிப்பகங்கள் புதுப் புத்தகங்களை அதைக் கணக்கு வைத்துத்தான் இறக்குகின்றன. இந்தப் பக்கம் மார்கழியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் சொந்தபந்தத்தின் முகூர்த்தமெல்லாம் கார்த்திகைக்குள் வந்து விழும். ஆக, கைநிறைய வேலை இருக்கும் அதே நேரத்தில்தான் உங்களுக்குப் பத்து நாள் லீவும் தேவைப்படும்.

இந்தக் கட்டுரை வீட்டிலிருந்து தனியாக எடிட்டிங், மெய்ப்பு (புரூஃப்) பார்ப்பவர்களுக்கு. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் பாதி பொருந்தும். ராத்திரி கண்விழித்து முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லீவுக்கு முன்னால் வேலை தேங்குவதற்கு உங்கள் வேகக் குறைவு பெரும்பாலும் காரணமாக இருக்காது. ஆசிரியரின் பதில், லேஅவுட் செய்பவரின் திருத்தம், அணிந்துரை எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டவரின் அணிந்துரை என எங்கோ ஒருவருக்காகக் காத்திருப்பீர்கள். அந்தக் காத்திருப்பை முன்னாலேயே தொடங்கி வைப்பதுதான் இதில் பாதி வேலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து யார் கைக்குப் போக வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். கூடவே யாரும் கணக்கில் எடுக்காத சில்லறை வேலைகளையும் சேருங்கள்: பின்னட்டை வாசகம், பொருளடக்கம், ஆசிரியர் குறிப்பு, நன்றியுரை, படங்களுக்கான குறிப்புகள், ஐஎஸ்பிஎன், பதிப்பு விவரங்கள் இருக்கும் இம்பிரிண்ட் பக்கம். ஒவ்வொன்றும் பத்து நிமிஷ வேலைதான், ஆனால் எல்லாம் சேர்ந்து நீங்கள் பஸ் ஏறும் அன்று சாயங்காலம்தான் வந்து நிற்கும். அணிந்துரை விஷயத்தில் பதிப்பாளரிடம் இன்றைக்கே பேசுங்கள். கேட்டு வாங்கும் அணிந்துரை சொன்ன தேதியில் வருவது அபூர்வம். தாமதமானால் அது இல்லாமலேயே போகலாமா, அல்லது அதற்கென்று நாலு பக்கம் காலியாக விட்டு லேஅவுட் செய்யலாமா என்பதை அவர் இப்போதே முடிவு செய்துவிட்டால் நல்லது.

அடுத்தது அளவு. ‘சின்னப் புத்தகம்தான்’ என்று பதிப்பாளர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கோப்பைத் திறந்து சொல் எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு நடுவிலிருந்து ஒரு அத்தியாயத்தை எடுத்து ஒரு மணி நேரம் நிஜமாகவே எடிட் செய்து, எத்தனை சொல் முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடு அத்தியாயம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் அத்தியாயத்தை ஆசிரியர் பத்து தடவை திருத்தியிருப்பார், நண்பர்கள் படித்திருப்பார்கள், பளபளவென்று இருக்கும். பிரதியின் உண்மையான நிலை நடுவில்தான் தெரியும்.

உதாரணத்துக்கு, 45,000 சொல் உள்ள ஒரு நினைவுக்குறிப்பு. மணிக்கு 1,500 சொல் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் முதல் வாசிப்புக்கு 30 மணி நேரம். ஒரு நாளில் எட்டு மணி நேரம் எடிட் செய்வேன் என்று கணக்குப் போடாதீர்கள். கண்ணும் மூளையும் ஒழுங்காக வேலை செய்வது ஐந்து மணி நேரம்தான், அதற்கு மேல் பக்கம் நகரும், பிழை சிக்காது. அப்படியானால் ஆறு நாள். இரண்டாவது வாசிப்பு இரண்டு மடங்கு வேகத்தில் போனாலும் இன்னும் மூன்று நாள். மொத்தம் ஒன்பது நாள் வேண்டும், ஒரு புத்தகத்துக்கு. கையில் நாலு இருந்து, லீவுக்கு இருபது நாள்தான் இருக்கிறது என்றால் கணக்கு உதைக்கிறது. அதை இன்றைக்கே தெரிந்துகொண்டால் பதிப்பாளரிடம் கௌரவமாகப் பேசலாம்.

வரிசையை மாற்றுங்கள்

புதிதாக வருகிறவர்கள் சின்னதை முதலில் முடித்துத் தள்ளுவார்கள், அல்லது எந்தப் பதிப்பாளர் அதிகமாகக் கத்துகிறாரோ அவருடையதை எடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். எந்தப் பிரதி மற்றவர்களிடம் அதிக நாள் கிடக்கப் போகிறதோ அதை முதலில் தொடுங்கள். எழுபது தாண்டிய ஒருவரின் தன்வரலாறு, அவர் கணினி பார்ப்பதில்லை, பிரிண்ட் எடுத்துக் கூரியரில் அனுப்பினால் பேனாவில் திருத்தி அனுப்புவார் என்றால் அதுதான் முதல் வேலை. மறுபதிப்பு ஒன்று, ஆசிரியர் மறைந்துவிட்டார், பழைய பதிப்போடு ஒத்துப் பார்த்தால் போதும் என்றால் அது கடைசி. அதற்கு நீங்கள் ஒருவர் போதும்.

அப்புறம் ஒரு விஷயம், இது பலருக்கு வினோதமாகத் தோன்றும். எடிட்டிங் தொடங்குவதற்கு முன்னாலேயே எல்லாப் பிரதிகளையும் கேள்விகளுக்காக மட்டும் ஒரு தடவை ஓட்டிப் படித்துவிடுங்கள். ஒற்றுப்பிழையில் கை வைக்காதீர்கள், வாக்கியத்தைத் தொடாதீர்கள். ஆசிரியர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய இடங்களைத்தான் தேடுகிறீர்கள். 38ஆம் பக்கத்தில் அக்காவுக்கு 1974இல் கல்யாணம் ஆகிவிடுகிறது, 112ஆம் பக்கத்தில் 1976இல் அதே அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். இதை நீங்கள் மூன்றாம் வாரத்தில் கண்டுபிடித்தால் பதில் வரும்போது கல்யாண மண்டபத்தில் இருப்பீர்கள். முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டால் நீங்கள் வேறு புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பதில் தானாக வந்து சேரும்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் ஆசிரியர் நாலாவது கேள்வியோடு களைத்துப் போவார், பதில்களும் எதற்கு எது என்று தெரியாமல் கலந்துவிடும். எல்லாவற்றையும் எண் போட்டு ஒரே கோப்பாக அனுப்புங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் சம்பந்தப்பட்ட வரியை அப்படியே ஒட்டுங்கள், அவர் பிரதியைத் திறந்து தேடக் கூடாது. முக்கியமாக, பதில் வராவிட்டால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். இப்படி:

‘ஐயா, வணக்கம். கேள்வி 7: பக்கம் 38இல் அக்காவின் திருமணம் 1974 என்று வருகிறது; பக்கம் 112இல் 1976இல் பெண் பார்க்க வந்ததாக இருக்கிறது. எது சரி? வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தாங்கள் சொல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் வருடத்தை எடுத்துவிட்டு ‘அந்தச் சமயத்தில்’ என்று மாற்றி வைக்கிறேன்.’

கடைசி வாக்கியம்தான் வேலையை நகர்த்தும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் பிரதி நிற்காது, ஆசிரியருக்கும் வருத்தம் இருக்காது. ஆனால் ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு, சாதிப் பெயர், வழக்கில் இருக்கும் விவகாரம் போன்றவற்றில் இந்த முறை வேண்டாம். அவற்றுக்கு ஆசிரியரும் பதிப்பாளரும் எழுத்தில் பதில் தந்தே ஆக வேண்டும்.

இயந்திரம் செய்யக்கூடியதை இயந்திரத்திடம் விடுங்கள், ஆனால் கண் வைத்திருங்கள்

கண்ணால் படிப்பதற்கு முன்னால் கோப்பைச் சுத்தம் செய்யுங்கள். இரட்டை இடைவெளி, காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி, நேர் மேற்கோள் குறி இதெல்லாம் ஃபைண்ட் ரீப்ளேஸில் கால் மணி நேர வேலை. தமிழில் இதைத் தாண்டியும் தொல்லைகள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் எழுத்துகள் பார்க்க ஒன்று போலவும் உள்ளே வேறாகவும் இருக்கும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுந்திருக்கும், ‘ர’வுக்குப் பதில் துணைக்கால் வந்து ‘காரணம்’ என்பது ‘காாணம்’ ஆகியிருக்கும். ‘எ’ என்று நினைத்து தமிழ் எண் ஏழை, அதாவது ‘௭’யை, அடித்திருப்பார்கள். பார்வைக்குத் தெரியாது, ஆனால் ‘என்ன’ என்று தேடினால் அந்த ‘௭ன்ன’ மட்டும் சிக்காது. ‘ஸ்ரீ’க்கு இரண்டு குறியீட்டு வரிசைகள் உண்டு, ஒன்றைத் தேடினால் மற்றது வராது.

இதில் மொத்தமாக மாற்றுவது ஆபத்தான இடம் ஔகாரம். ‘கெளரவம்’ என்று ‘ள’ எழுத்தைப் போட்டு அடித்திருக்கிறார்களே என்று எல்லா ‘ெள’வையும் ‘ௌ’வாக மாற்றச் சொன்னால், ‘வெள்ளம்’ ‘வௌ்ளம்’ ஆகும், ‘தெளிவு’ ‘தௌிவு’ ஆகும். அச்சான புத்தகங்களிலேயே இதைப் பார்க்கலாம். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம் என்று சொல் சொல்லாகக் கொடுத்து மாற்றுங்கள். அவ்வளவு சொற்கள் இல்லை, ஒரு தடவை பட்டியல் போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உதவும்.

எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று இணையத்தில் இலவசத் திருத்திகள் இருக்கின்றன. களைத்த கண்ணுக்கு இவை பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் அவை காட்டுவதைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டும், எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்று அழுத்திவிட்டுப் போகக் கூடாது. ‘படித்துப் பார்த்தான்’ என்பதில் ஒற்று மிகும், ‘வந்து போனான்’ என்பதில் மிகாது. இது தெரியாமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது, லீவு அவசரத்திலும்கூட.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் அரைப் பக்கத்தில் ஒரு நடைத்தாள் போடுங்கள். கோயிலா கோவிலா, நாள்களா நாட்களா, ‘செய்யும்போது’ சேர்த்தா பிரித்தா, காபியா காஃபியா, வருஷம் எண்ணிலா எழுத்திலா, ராமசாமியா இராமசாமியா. எது சரி என்று அரை மணி நேரம் வாதாட வேண்டாம். பதிப்பகத்துக்கு வழக்கம் இருந்தால் அது, இல்லாவிட்டால் ஆசிரியர் அதிகமாக எழுதியிருப்பது. இந்தத் தாள் இப்போது உங்களுக்கு வேகம் தரும், நீங்கள் ஊரில் இல்லாதபோது வேறொருவர் மெய்ப்பு பார்த்தாலும் புத்தகம் இரண்டு குரலில் பேசாது.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆழம் தேவையில்லை

நேரம் குறைவு என்னும்போது எதை விடலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ரசனைக்காகச் செய்யும் மாற்றங்களை முதலில் விடுங்கள். ‘மிகவும்’ உங்களுக்குப் பிடிக்காது என்பதற்காக முந்நூறு இடத்தில் அதை எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், ஆசிரியருக்குப் பிடித்துத்தான் எழுதியிருக்கிறார். வாக்கியம் இலக்கணப்படி நிற்கிறது, பொருள் விளங்குகிறது என்றால் தாண்டிப் போங்கள்.

கவிதைத் தொகுப்பு என்றால் ஒற்றெழுத்தைக்கூட ஆசிரியரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வட்டார வழக்கில் எழுதிய நாவல் என்றால் உரையாடலைத் தொடாமல் கதைசொல்லியின் பகுதியை மட்டும் பாருங்கள். நெல்லைப் பேச்சுக்கு நடுவில் ஒரு கொங்குச் சொல் வந்துவிட்டதா என்று பார்ப்பது வேறு, அதைத் திருத்துகிறேன் என்று எழுத்துத் தமிழாக்குவது வேறு.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். லீவுக்கு முந்தைய வாரத்தில் மொழிபெயர்ப்பு எடிட்டிங்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடாத வரைக்கும் அது எடிட்டிங்கே இல்லை, தமிழ் மட்டும் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான். ஒரு பத்தி விடுபட்டிருந்தாலும், ‘இல்லை’ என்பது ‘ஆம்’ ஆகியிருந்தாலும், தமிழ் அழகாகவே ஓடும். ஒப்பிட நேரம் இல்லாவிட்டால் அதைப் பதிப்பாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, மெய்ப்பு மட்டும் பார்த்துத் தருகிறேன், ஒப்பீடு வேறொருவர் செய்யட்டும் என்று ஒதுங்குங்கள்.

எவ்வளவு அவசரமானாலும் விடக் கூடாதவை: ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர், வருஷம், தொகை, அத்தியாயத் தலைப்புகள், பிறர் எழுத்திலிருந்து எடுத்த மேற்கோள்கள், அட்டை. உள்ளே நூறு ஒற்று விடுபட்டாலும் மன்னிப்பவர்கள் உண்டு. அட்டையில் ஆசிரியர் பெயரில் ஒரு கால் விடுபட்டால் விழாவன்று உங்களைத்தான் தேடுவார்கள்.

லேஅவுட், அட்டை, பிரஸ்

இந்த மாதங்களில் லேஅவுட் செய்பவரும் பைண்டிங் ஆட்களும் உங்களை மாதிரியே லீவு போடுவார்கள் என்பதைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. கார்த்திகை முதல் தேதியில் மாலை போட்டு, நடு டிசம்பரில் சபரிமலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சிவகாசி அச்சகங்களில் காலண்டர் வேலை குவிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால் லேஅவுட் செய்யும் அண்ணனிடம் முதலிலேயே போன் போட்டு, ‘அண்ணா, எப்ப மலைக்குப் போறீங்க?’ என்று கேட்டுவிடுங்கள். உங்கள் அட்டவணையில் உங்கள் லீவோடு அவருடைய லீவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்க எண்ணிக்கையும் நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் உறுதியாக வேண்டும். பெரும்பாலும் 16 பக்கம் சேர்ந்து மடியும் ஒரு தாள், அதாவது ஒரு ஃபாரம், என்ற கணக்கில் அச்சாகிறது. 192 பக்கம் என்றால் 12 ஃபாரம், 208 என்றால் 13. புத்தகம் 195இல் வந்து நின்றால் மூன்று பக்கத்தைச் சுருக்குவதா, பதிமூன்று பக்கத்தை நிரப்புவதா என்ற கேள்வி வரும். நிரப்புவதென்றால் பதிப்பக விளம்பரம் போட்டுக்கொள்வார்கள். சுருக்குவதென்றால் எங்கே சுருக்கலாம் என்று எடிட்டரைத்தான் கேட்பார்கள், எனவே முதல் லேஅவுட்டிலேயே ‘இந்தப் பத்தி போனால் பரவாயில்லை’ என்று இரண்டு மூன்று இடங்களை ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக் கொடுங்கள். பக்க எண்ணிக்கையும் தாளும் தெரிந்தால்தான் அட்டைக்கு முதுகின் அகலம் கிடைக்கும். அதற்காக ஓவியர் உங்களை முகூர்த்த நேரத்தில் கூப்பிடுவது நிச்சயம்.

முடியாததை முன்னாலேயே சொல்வது

கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு புத்தகம் வெளியே நிற்கிறது என்றால் அன்றைக்கே பதிப்பாளருக்குப் போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். ‘முடியாது’ என்று தொடங்காமல் என்ன முடியும் என்பதைச் சொல்லுங்கள்: ‘சார், 28ஆம் தேதிக்குள்ள முதல் எட்டு அத்தியாயம் முழுசாகத் தர்றேன், மீதியை நான் திரும்பி வந்து பார்க்கணும், இல்லை இன்னொருத்தர்கிட்ட கொடுக்கணும், உங்களுக்கு எது வசதி?’ கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்னால் இதைக் கேட்டால் எந்தப் பதிப்பாளரும் வழி கண்டுபிடிப்பார். ஆறு நாள் முன்னால் கேட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்.

இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது கோப்பு, நடைத்தாள், ஆசிரியர் பதிலளித்த கேள்விப் பட்டியல் மூன்றும் சேர்ந்து போக வேண்டும். கோப்பின் பெயரில் ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’ என்ற விளையாட்டெல்லாம் வேண்டாம். புத்தகப் பெயர், எத்தனையாவது மெய்ப்பு, தேதி, அவ்வளவு போதும். பில்லையும் கிளம்புவதற்கு முன்னால் முடித்த பகுதிக்கு மட்டும் போட்டு அனுப்பிவிடுங்கள். பதிப்பகங்களில் பணம் புரளுவது கண்காட்சிக்குப் பிறகுதான், ஆனால் பில் வரிசையில் முன்னால் இருப்பது நல்லது.

கடைசி இரண்டு நாளும் லீவும்

தினசரி ஒழுங்கு பற்றிச் சுருக்கமாக: காலையில் கனமான பிரதி, மதியத்துக்கு மேல் மெய்ப்பு ஒத்துப் பார்ப்பது, அட்டை, பின்னட்டை போன்றவை. ஒரே நாளில் இரண்டு நாவல் வேண்டாம். ஒரு நாவலின் முருகேசன் இன்னொன்றில் நுழைந்துவிடுவான்.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளில் புதுப் பக்கம் எதையும் திறக்காதீர்கள். அந்த இரண்டு நாளும் மூடுவதற்கு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிப்பாளர், லேஅவுட் செய்பவர் இருவருக்கும் ஒரே மெயில்: பிரதி எந்த நிலையில் இருக்கிறது, என்ன பாக்கி, எதையெல்லாம் என்னைக் கேட்காமலே முடிவு செய்யலாம், எதில் மட்டும் என்னைக் கேட்க வேண்டும், நான் இல்லாதபோது முடிவெடுப்பவர் யார். கடைசிக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும், ‘பேசிக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

லீவில் இருக்கும்போது திருத்திய பிடிஎஃப் வந்தால் போனில் திறந்து படிக்காதீர்கள். அந்தச் சின்னத் திரையில் ஒற்றும் தெரியாது, புள்ளியும் தெரியாது. நீங்கள் பார்த்து ‘ஓகே’ சொல்லிவிட்டால் மட்டும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். அட்டையை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கலாம். தலைப்பு, ஆசிரியர் பெயர், விலை, முதுகில் எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

திரும்பி வந்ததும் நீங்கள் முன்பு போட்ட திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கும்போது, திருத்திய சொல்லை மட்டும் பார்க்காமல் அந்தப் பத்தி முழுவதையும், அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு சொல் கூடியதில் வரி உடைந்து, கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு ஓடி, அங்கே இருந்த அத்தியாயத் தலைப்பு கீழே இறங்கியிருக்கும். பொருளடக்கத்தில் பக்க எண் மட்டும் பழையபடியே இருக்கும்.